எந்த அடி கொடுங்குற்றம்?

வரப்புத் தகராறில் ஒருவர் பக்கத்து வயல்காரரைக் கன்னத்தில் அறைகிறார். அதே தகராறில் இன்னொருவர் மண்வெட்டிக் காம்பால் முன்கை எலும்பை முறிக்கிறார். இரண்டுக்கும் ஒரே தண்டனை கூடாது என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. சிறு குற்றம் எங்கே முடிகிறது, கொடுங்குற்றம் எங்கே தொடங்குகிறது, அதை எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டால்தான் சிக்கல். உடலில் விழுந்த காயத்தை வைத்தா, கையிலிருந்த கருவியை வைத்தா, அடித்தவரின் எண்ணத்தை வைத்தா, அடிபட்டவர் யார் என்பதை வைத்தா? இந்த நான்கு விடைகளும் பல நூற்றாண்டுகளாக மாறி மாறி வந்திருக்கின்றன. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்தக் கோடு மறுபடியும் சற்று நகர்ந்தது. இப்போது அது எங்கே நிற்கிறது என்பது அதன் பழைய இடங்கள் தெரிந்தால்தான் விளங்கும்.

அரசன் இழந்த படைவீரன்

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் போரிடும் திறனைக் குறைக்கும் காயமே பெருங்குற்றமாக எண்ணப்பட்டது. கை, விரல், கண் ஆகியவற்றோடு முன்பல்லும் அந்தப் பட்டியலில் இருந்தது, கடைவாய்ப்பல் இல்லை. காதோ மூக்கோ அறுபட்டால் முகம்தான் கெடும், சண்டை வலு கெடாது என்பதால் அவையும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதிய சட்ட உரையில் இந்தப் பாகுபாட்டைக் காணலாம். அடிபட்டவர் பட்ட துன்பத்தை அந்தச் சட்டம் அளக்கவில்லை. அரசன் எத்தகைய படைவீரனை இழந்தான் என்று கணக்குப் பார்த்தது.

அந்தக் கணக்கு 1670 டிசம்பரில் உடைந்தது. அரசன் இரண்டாம் சார்லஸைச் சீண்டும் விதமாக அவையில் பேசிய சர் ஜான் கவென்ட்ரி என்ற நாடாளுமன்ற உறுப்பினரைக் காவற்படையினர் தெருவில் மறித்து மூக்கைக் கிழித்தார்கள். பழைய விதிப்படி மூக்கு பெருங்குற்றக் கணக்கில் வராது. நாடாளுமன்றம் கொதித்தெழுந்து, பதுங்கியிருந்து ஒருவரின் முகத்தைச் சிதைப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன்பின் இங்கிலாந்தில் காயச் சட்டங்கள் ஒட்டுப்போட்டே வளர்ந்தன. அவற்றைத் தொகுத்த 1861ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. அதில் 20ஆம் பிரிவின் கடுங்காயத்துக்கும் 47ஆம் பிரிவின் சாதாரணக் காயத்துக்கும் உச்ச தண்டனை ஒன்றே, ஐந்தாண்டு. இதைச் சீர்செய்யுமாறு அந்நாட்டுச் சட்ட ஆணையம் 2015இல் விரிவான அறிக்கை தந்தது.

மெக்காலே போட்ட தோராயக் கோடு

இந்தியாவில் கதை வேறு வழியில் சென்றது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் தந்த வரைவு, காயத்தைச் சாதாரணக் காயம், கொடுங்காயம் என இரண்டாகப் பிரித்தது. வரைவோடு இணைத்த குறிப்பில் ஆணையம் தன் தயக்கத்தை மறைக்கவில்லை. இப்படியொரு கோட்டைத் துல்லியமாகப் போடவே முடியாது. ஆனால் கொலையை ஒட்டிய கொடுமையையும், நல்ல மனமுள்ளவர் பொருட்படுத்தாத குறும்பையும் ஒன்றாக அடைப்பதைவிடத் தோராயமான கோடாவது இருப்பது மேல் என்பது அதன் சாரம். 1860இல் நிறைவேறி 1862 முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின் 320ஆம் பிரிவு அந்தத் தோராயக் கோடுதான்.

எட்டு வகை. ஆண்மை நீக்கம், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போதல், ஒரு காது கேளாமற்போதல், உறுப்போ மூட்டோ இழத்தல், அவற்றின் வலு நிரந்தரமாகக் குன்றுதல், தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம்பெயர்தல், உயிருக்கு ஆபத்தான காயம் அல்லது இருபது நாள் கடும் வலியையோ அன்றாட வேலை செய்ய முடியாமையையோ தந்த காயம். சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு இதையே எடுத்துக்கொண்டு, இருபது நாளைப் பதினைந்தாகக் குறைத்திருக்கிறது. தன்னிச்சையாகக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த முறையின் பெரிய பலம், காவலரும் மருத்துவரும் நடுவரும் ஒரே பட்டியலைப் பார்த்துப் பேசலாம் என்பது. பலவீனமும் பட்டியலில்தான் இருக்கிறது. ஒரு பல் முறிவும் ஒரு கண் பறிபோவதும் ஒரே வகுப்பில் சேர்கின்றன. எலும்பு முழுவதும் துண்டாக வேண்டியதில்லை, கீறலோ பிளவோ இருந்தாலே முறிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் ஹோரி லால் வழக்கில் சொல்லிவிட்டது. மயிரிழைப் பிளவு எக்ஸ்ரேயில் தெரிந்தால் கொடுங்காயம். எலும்பு தப்பி, சதை முழுக்கக் கன்றிப்போய்ப் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு அது சாதாரணக் காயம்.

நாள் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. மருத்துவமனையில் இத்தனை நாள் படுத்திருந்தார் என்பது மட்டும் போதாது. அத்தனை நாளும் கடும் வலியிலோ வேலை செய்ய இயலாமலோ இருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். நாற்று நடப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில், வலியோடு ஐந்தாம் நாளே வயலில் இறங்கிவிடும் ஒரு பெண்ணின் காயம் இந்தக் கணக்கில் சிறுத்துப்போகிறது. மாதச் சம்பளக்காரர் விடுப்பெடுத்து ஓய்வாக இருந்தால் அவர் காயம் பெருக்கிறது. பதினைந்தாகக் குறைத்தது இந்தக் குறையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், தீர்க்காது என்றே தோன்றுகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் வரி

சட்டம் எப்படி இருந்தாலும் கோடு முதன்முதலில் விழுவது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்று எல்லாரும் சொல்லும் அந்தப் புத்தகத்தில். ரத்தம் வழிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். பணி மருத்துவர் கேட்டு எழுதுகிறார்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த மூன்று பேர் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார். பிறகு காயத்தின் நீளம், அகலம், ஆழம். எக்ஸ்ரே வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாக அடிதடி முதல் தகவல் அறிக்கைகளில் நான்கு எண்கள் சேர்ந்தே வருவது வழக்கம்: 294(பி), 323, 324, 506(2). ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல். சன்ஹிதாவில் அவை 296, 115(2), 118(1), 351(3). எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் காவல் நிலையத்திலிருந்து பிரிவு மாற்ற அறிக்கை நீதிமன்றம் போகும். பழைய எண்களில், 324 என்பது 326 (ஆயுதத்தால் கொடுங்காயம்) ஆகும். ஜாமீன் கிடைக்குமா, எந்தக் காலம்வரை உள்ளே இருக்க நேரும் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் மாறிவிடும்.

ஆண்டுகள் கழித்து விசாரணை வரும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அந்த ஏ.ஆர். நகலைத்தான். மருத்துவரிடம் மூன்று பேர் என்று சொன்னவர் புகாரில் ஏழு பேர் என்று சொன்னது ஏன்? கட்டை எப்போது அரிவாளானது? பாதி அடிதடி வழக்குகளின் உயிர்நாடி இந்த முரண்பாடுகளில் இருக்கிறது என்றால் வழக்கறிஞர்கள் மறுக்கமாட்டார்கள். நள்ளிரவில் பத்து நோயாளிகளுக்கு நடுவே எழுதிய வரி இவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டுமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. காயம் கொடுங்காயமா இல்லையா என்பது சட்ட முடிவு. அதை நடைமுறையில் மருத்துவரின் சான்றிதழே முடித்துவைக்கிறது.

கருவியை வைத்து அளப்பது

இரண்டாவது விடை, காயத்தை விட்டுக் கருவியைப் பார்க்கச் சொல்கிறது. சுடும், குத்தும், வெட்டும் கருவிகள், உயிரைப் போக்கக்கூடிய பிற ஆயுதங்கள், தீ, நஞ்சு, அரிக்கும் பொருள், வெடிபொருள், ஏவிவிடப்பட்ட விலங்குகூட இதில் அடக்கம். சன்ஹிதாவின் 118ஆம் பிரிவில், இவற்றால் சாதாரணக் காயம் என்றால் மூன்றாண்டு வரை. கொடுங்காயம் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். அந்த ஓராண்டுக் கீழ்வரம்பு புதியது.

வெட்டரிவாளைப் பற்றி விவாதம் எழாது. கல்லைப் பற்றி எழுந்தது. 2005இல் மத்தாய் வழக்கில், கல் எப்போதும் அபாயகரமான ஆயுதம் ஆகிவிடாது, அதன் அளவும் கூர்மையும் பயன்படுத்திய விதமும் பார்க்கப்பட வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், தண்டனையை 326இலிருந்து ஆயுதமில்லாத கொடுங்காயத்துக்கான 325க்கு இறக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஷகீல் அகமது வழக்கில் கேள்வி இன்னும் நுட்பமானது: சண்டையில் விரல் நுனியைக் கடித்துத் துண்டித்தவரின் பல் ஆயுதமா? மனிதப் பல் அந்தப் பிரிவு சொல்லும் கொடிய ஆயுதம் ஆகாது என்றது நீதிமன்றம். விரல் போனது போனதுதான். தண்டனைப் பிரிவு மட்டும் இறங்கியது. முன்பல்லைப் போர்க்கருவியாக எண்ணிய பழைய ஆங்கிலேயச் சட்டம் இதை எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

கருவி அளவுகோல் முற்றாகத் தோற்ற இடம் அமில வீச்சு. 2013 வரை அது 326க்குள் அடங்கியது; கீழ்வரம்பு இல்லாததால் மிகக் குறைந்த தண்டனையோடு வெளியே வர வழியிருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் தனிப் பிரிவைக் கொண்டுவந்து பத்தாண்டைக் கீழ்வரம்பாக்கியது. இன்று அது 124ஆம் பிரிவு.

மனத்தைத் தேடும் சட்டம்

மூன்றாவது விடை அடித்தவரின் எண்ணத்தைத் தேடுகிறது. கொலைமுயற்சிப் பிரிவு, பழைய 307, இன்றைய 109, இதன் உச்சம். காயம் உயிரைப் போக்கக்கூடியதாக இருக்க வேண்டியதில்லை, கொல்லும் எண்ணமும் அதை நோக்கிய செயலும் இருந்தால் போதும் என்பது 1983இல் பலராம் பாமா பாட்டீல் வழக்கு முதல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட நிலைப்பாடு. ஒழுக்க நியாயப்படி இதுவே வலுவான விடை என்பது என் கருத்து. குறி தவறியதால் கொலைகாரன் நல்லவனாகிவிடமாட்டான்.

ஆனால் எண்ணத்தை நேரில் யாரும் பார்த்ததில்லை. எந்த ஆயுதம், உடலின் எந்தப் பகுதி, எத்தனை முறை, எவ்வளவு விசை என்பவற்றிலிருந்து ஊகித்தாக வேண்டும். அப்படி ஊகிக்கும்போது காயமும் கருவியும் பின்வாசல் வழியே திரும்ப வந்துவிடுகின்றன. தலையில் அடி என்றாலே 307 என்று எழுதிவிடும் பழக்கமும் உண்டு. 2014இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிக்கையில் 307 என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அந்தக் குற்றச்சாட்டுக்கு உண்மையில் அடிப்படை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதனால்தான்.

அமெரிக்காவில் எண்ணம், காயம், கருவி மூன்றையும் கலந்து படிகளாக அடுக்கினார்கள். நியூயார்க்கில் மூன்றாம் படித் தாக்குதல் சிறு குற்றம், ஓராண்டுக்குக் குறைவான சிறை. இரண்டாம் படி ஏழாண்டு வரை. முதல் படி இருபத்தைந்தாண்டு வரை. மனித உயிர்மேல் முற்றான அலட்சியம் என்ற மனநிலையை 1962ஆம் ஆண்டு மாதிரித் தண்டனைச் சட்டம் தனியாகப் பெயரிட்டது பயனுள்ள சேர்க்கை. ஆனால் படிகள் கூடக்கூட, உயர்ந்த படியில் வழக்குப் போட்டுத் தாழ்ந்த படிக்கு ஒப்புக்கொள்ளச் செய்யும் பேரமும் கூடும் என்ற விமர்சனம் அங்கே பரவலாக உண்டு.

யாரை அடித்தார்?

நான்காவது விடை அண்மைக் காலத்தில் வேகமாக வளர்ந்தது. பணியிலிருக்கும் அரசு ஊழியரைத் தாக்குவது முன்பிருந்தே தனிக்குற்றம். மருத்துவப் பணியாளர்களுக்காகத் தமிழ்நாடு 2008இல் தனிச்சட்டம் இயற்றியது. எல்லாவற்றிலும் எடை மிக்கது 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தவர் என்று அறிந்தே பிறர் செய்தால் ஆயுள் தண்டனை. 2016 வரை, சாதியின் காரணமாகவே தாக்கினார் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தெருவில் வெட்டியவர் தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தாலொழிய அது எட்டாக்கனி. 2016இல் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதை, அறிந்திருந்தாலே போதும் என்று மாற்றியது. சன்ஹிதாவின் 117(4), ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறப்பிடம், நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொடுங்காயம் விளைவிப்பதைத் தனிக்குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் உச்ச தண்டனை அதே ஏழாண்டு.

எதிர்வாதம், எல்லா உடலும் சட்டத்தின் முன் சமம் என்பது. ஒரு தெருவையே அச்சுறுத்த ஒருவரை வெட்டுகிறவர்கள் உண்டு. அங்கே விழுந்தது ஒரு காயம் மட்டும் இல்லை என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்கள்

அடிக்கவில்லை, அங்கே இல்லவே இல்லை என்பவை உண்மை மறுப்புகள். அடித்தேன், ஆனால் எனக்கு உரிமை இருந்தது என்பது தற்காப்பு. சட்டச் சிந்தனை மிகுதியாகச் செலவானது இதில்தான். சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதற்கானவை. காவல்துறையை நாட நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மீறிய தீங்கும் கூடாது. ஆனால் ஓங்கிய அரிவாளின் முன் நிற்பவர் எதிரடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. 2010இல் தர்ஷன் சிங் வழக்குத் தீர்ப்பு இதுபற்றிய நெறிகளைத் தொகுத்தது. ஆபத்து உண்மையாகவே இருந்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சம் போதும். ஓடிப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவத் தேவையில்லை. இருக்க வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும்.

அதிகம் பேசப்படாத ஒன்று இங்கே இருக்கிறது. தனக்குக் கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியைக் கொல்லவும் தற்காப்பு உரிமை நீள்கிறது. ஆகவே கொடுங்காயத்தின் வரையறை இரண்டு வேலை செய்கிறது: தாக்கியவரின் தண்டனையையும், தாக்கப்பட்டவர் எதுவரை போகலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இருபது நாள் பதினைந்தானபோது இரண்டாவது எல்லையும், ஏட்டளவிலாவது, விரிந்திருக்கிறது.

கிராமத்து அடிதடியில் பெரும்பாலும் இருபுறமும் காயம் இருக்கும், இருபுறமும் புகார் இருக்கும். தாக்கியது யார், தற்காத்தது யார் என்பதே வழக்கு. இத்தகைய எதிரெதிர் வழக்குகளை ஒரே நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1929இலேயே சொல்லியிருக்கிறது. 1990இல் நாத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே நீதிபதி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்று முறை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் உடலிலுள்ள காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அதன் கதையே ஐயத்துக்குள்ளாகும் என்பது 1976இன் லட்சுமி சிங் வழக்கிலிருந்து எதிர்த்தரப்பின் வலுவான பிடி.

திடீர்க் கடும் சினமூட்டல் விடுதலை தராது, தண்டனையைக் குறைக்கும்: கொடுங்காயத்துக்கு ஐந்தாண்டு வரை. தானாகக் குடித்த குடி காப்பாகாது. மனநிலை பிறழ்வு காப்பாகும், ஆனால் மெய்ப்பிக்க வேண்டிய சுமை கனமானது.

சமரசமும் இழப்பீடும்

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்த அடிதடி நீதிமன்றத்தையும் முடித்துவைக்குமா? ஆயுதமில்லாத கொடுங்காய வழக்கை நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யலாம். ஆயுதத்தால் நேர்ந்த கொடுங்காயமும் கொலைமுயற்சியும் அந்தப் பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றத்தின் தனி அதிகாரத்தைத்தான் நாட வேண்டும். ஊரில் பகை தணியச் சமரசம் தேவை என்பார் ஒரு சாரார். ஏழை சாட்சியை மிரட்டி வாங்கும் கையொப்பத்துக்கும் அதே பெயர்தான் என்பார் மறுசாரார். இரண்டாவது அச்சத்துக்கே கூடுதல் ஆதாரம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1988இல் ஹரி சிங் வழக்கில் தாக்கப்பட்டவரின் பேச்சு நிரந்தரமாகப் பழுதுபட்டிருந்தது. குற்றவாளிகளை நன்னடத்தையில் விட்ட உயர் நீதிமன்றம் ஆளுக்கு 2,500 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை 50,000 ரூபாயாக உயர்த்தியதோடு, இழப்பீட்டு அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு எல்லா நீதிமன்றங்களுக்கும் பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2013இல், அந்த அதிகாரத்தைக் கருத்தில் கொள்வது நீதிமன்றத்தின் கட்டாயக் கடமை என்று மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

திறந்திருக்கும் கேள்விகள்

சன்ஹிதாவின் 117(3) புதிய கோடு ஒன்றைப் போட்டிருக்கிறது. கொடுங்காயம் நிரந்தர ஊனத்திலோ மீளா உணர்விழப்பு நிலையிலோ முடிந்தால் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல், எஞ்சிய வாழ்நாள் வரை நீளலாம். மெக்காலேயின் பட்டியல் பல்லையும் கண்ணையும் ஒன்றாக வைத்ததற்கு இது தாமதமான திருத்தம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நிரந்தர ஊனம் எது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஒரு கண்ணின் பார்வை போனால் ஏழாண்டை உச்சமாகக் கொண்ட 117(2)ஆ, பத்தாண்டைக் கீழ்வரம்பாகக் கொண்ட 117(3)ஆ? இரண்டுக்கும் இடையே நீதிபதிக்குப் படிக்கட்டே இல்லை. கொலை முயற்சிக்கு, பொதுவாக, கீழ்வரம்பு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொல்ல வெட்டி ஆள் தேறிவிட்ட வழக்கைவிட, கையை முறிக்க அடித்து அது நிரந்தரமாக முடங்கிய வழக்கில் தண்டனை கூடுதலாகலாம். எண்ணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான பழைய போட்டியில் சட்டம் இங்கே விளைவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அது தெரிந்தே எடுத்த முடிவா என்பது பிரிவின் சொற்களிலிருந்து தெளிவாகவில்லை.

மனக்காயம் இன்னொன்று. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1997இல், தொடர் தொல்லையால் நேர்ந்த மனநோயும் உடற்காயமே என்று ஏற்றது. இந்தியாவில் இதற்கு முன்னோடி இருக்கிறது: இரவில் துப்பாக்கி காட்டி அலறவைத்ததால் நோயுற்ற பெண்ணின் வழக்கில், மனத்தின் நலிவும் காயத்தில் அடங்கும் என்று சிந்து நீதிமன்றம் 1944 அளவிலேயே கருதியது. ஆனால் அந்த இழை கொடுங்காயத்தின் எட்டு வகைக்குள் புகவில்லை. சன்ஹிதாவை எழுதியபோது அந்தக் கதவைத் திறக்க வாய்ப்பிருந்தது, திறக்கவில்லை. எலும்பு முறியாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடிபட்டவருக்கு எட்டாம் வகையின் வேலை செய்ய இயலாமை என்ற சொற்களே மிச்சமுள்ள வழி. வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றையும் அந்தச் சொற்களுக்குள் நீதிமன்றங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இன்னும் பல ஆண்டுகள் ஒரே நீதிமன்றத்தில் காலையில் இருபது நாள் கணக்கும் மாலையில் பதினைந்து நாள் கணக்கும் நடக்கும். 117(3)இன் எல்லையை உயர் நீதிமன்றங்கள் எப்படி வரையும் என்பதை அந்த ஆண்டுகளில் வரும் மேல்முறையீடுகளே சொல்லும்.